டிரையருக்குப் பின்னால் ஒரு வாளி

2003 ஜூன் 9

மழை. அம்மா குவாட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். தனியாக அல்ல, ஆறு பெட்டைக்கோழிகளோடும் ஒரு சேவலோடும். ஸ்டாப் குவாட்டர்ஸில் யாராவது கோழி வளர்ப்பார்களா என்றேன். "அதுங்க வராத வீட்டுக்கு நானும் வரல. நீ மட்டும் ஒபிசரா இரு."

ஒபிசர்! தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிற வேலை, அதுவும் தற்காலிகம். ஆகஸ்ட் கடைசியில் நிரந்தரமாக்க வேண்டும். ஆக்கினால் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கலாம். இல்லாவிட்டால் அம்மா, கோழி, டிப்ளோமா எல்லாம் மறுபடியும் தொழிலாளர் லயத்துக்குத்தான்.

ஜூன் 14

முட்டை இல்லை. அம்மா கையில் கிடைத்ததை அள்ளி வீசுகிறாள். அவையும் நமக்கு உபகாரம் செய்வதுபோல் கொத்துகின்றன. முறை என்று ஒன்று வேண்டாமா?

ஹட்டனில் மிருக வைத்தியரிடம் ஒரு சிற்றேடு கிடைத்தது. சோளம், குரக்கன், நெல் மூன்றையும் தண்ணீரில் மூழ்க ஊறவைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடவேண்டும். நன்றாகச் செரிக்கும், தீனியும் குறைவாகப் போதும். கூடவே தோட்டத்து முட்டைக்கோவா இலை, பீட்ரூட் இலை. இதெல்லாம் ஒரு வேலையா? இனிமேல் கோழித் தீனி என் பொறுப்பு என்று அம்மாவிடம் அறிவித்தேன்.

"மெசினுக்கு எண்ணெ போடுற கையால போடாத."

ஜூன் 19

புளிக்கவில்லை. தண்ணீருக்குள் சோளம் கிடக்கிறது, அவ்வளவுதான். இந்தக் குளிரில் நானே ஒழுங்காக வேலை செய்வதில்லை, கிருமியை என்ன சொல்ல? அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடா, இன்னும் குளிச்சிக்கிட்டே இருக்கா?"

ஜூன் 21

தீர்வு கண்டுபிடித்தாயிற்று. தொழிற்சாலையில், தேயிலை காயவைக்கும் டிரையருக்குப் பின்னால், காற்றை உள்ளே இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு மூலை. அடுப்புச் சூடு இதமாக வருகிறது. வாளியை அங்கே வைத்தேன். வாயு வெளியேற வேண்டுமென்று மூடியை இறுக்கவில்லை. அதெல்லாம் தெரியும் எனக்கு. எவனாவது கை வைப்பான் என்று மூடியில் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதினேன்: தொடாதே.

ஜூன் 24

புளித்துவிட்டது! நுரை என்ன, குமிழி என்ன! அம்மாவின் மூத்த பெட்டை வெள்ளச்சி, நான் தொழிற்சாலையிலிருந்து அள்ளிவந்த பாத்திரத்துக்குள்ளேயே ஏறி நின்று தின்றது.

ஜூலை 11

நான்கு முட்டை. அம்மா பாராட்டவில்லை. ஆனால் எனக்கு இரண்டைப் பொரித்து வைத்தாள். கோழிகள் நான் போகிற இடமெல்லாம் வரிசையாகப் பின்னால் வருகின்றன. தொண்டர்கள்.

"ஒன் சட்டையில கள்ளுக்கட வாட அடிக்குதுடா. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" என்கிறாள். மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. அம்மாவுக்கு எதிலும் குறை.

ஜூலை 29

டீமேக்கர் நடராசா ஐயா கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மூக்கை நம்பித்தான் இந்தத் தொழிற்சாலையே ஓடுகிறது. மேசையில் வரிசையாகக் கோப்பைகள்.

"குடிச்சுப் பாரும்."

குடித்தேன். "நல்லா இருக்கு சேர்."

"நல்லா இருக்கோ? புளிச்ச மணம் அடிக்குது ஐசே! இந்தத் தூளைக் கொழும்புக்கு அனுப்பினால் திருப்பி அனுப்புவாங்கள். டிரையரிலதான் ஏதோ பிழை. நீர்தானே படிச்ச ஆள், கண்டுபிடியும்."

கண்டுபிடிக்கிறேன். இதைக் கண்டுபிடித்தால் நிரந்தரம் நிச்சயம்.

ஜூலை 31

டிரையரைக் கழற்றிப் போட்டேன். தட்டுகளைச் சுரண்டினோம். பெல்ட், பேரிங், எண்ணெய் எல்லாம் சுத்தம். அப்படியானால் அடுப்பு. விறகு போடும் செல்லசாமி அண்ணனிடம் பச்சை விறகு போடுகிறீர்களா என்று கத்தினேன்.

"காஞ்ச வெறகுதாங்க."

"அப்ப இந்த வாட எங்கேருந்து வருது?"

என் முகத்தையே பார்த்தார். இப்படி ஆட்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

வேலைக்கு நடுவே வாளி காலில் இடறியது. பத்திரமாக நகர்த்தி வைத்தேன், காற்று வாய்க்கு இன்னும் கொஞ்சம் கிட்ட.

ஆகஸ்ட் 2

இன்னும் மணக்கிறதாம். காற்றோட்டத்துக்காக, எங்கள் குவாட்டர்ஸ் பக்கமுள்ள பின்கதவைத் திறந்துவிடச் சொன்னேன். தொழில்நுட்ப முடிவு.

ஆகஸ்ட் 3

எழுதவே கூசுகிறது.

காலையில் நடராசா ஐயாவுக்கு, காகிதத்தில் படம் போட்டு, விசிறி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நான் திறக்கச் சொன்ன பின்கதவு வழியாக வெள்ளச்சி உள்ளே வந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே டிரையருக்குப் பின்னால் போய், வாளிமேல் ஏறி, மூடியைத் தள்ளி, கொத்த ஆரம்பித்தது. மற்ற தொண்டர்களும் வந்து சேர்ந்தார்கள்.

நடராசா ஐயா குனிந்து மோந்தார். மூடியை எடுத்து மூன்று மொழியிலும் வாசித்தார். "ஆருடைய எழுத்து இது?"

செல்லசாமி அண்ணன்தான் வாய் திறந்தார். "தம்பி ஐயா வச்சதுங்க. மெசினுக்கு ஊத்துற மருந்துன்னு நெனச்சோம். தொடாதேன்னு வேற எழுதியிருந்திச்சி, யாருங்க தொடுவா?"

அந்த வாய் இழுக்கிற காற்றுத்தான் தேயிலைக்குள் போகிறது. பரீட்சையில் இதையே அம்புக்குறி போட்டு வரைந்து முழுப் புள்ளி வாங்கினேன். காலையில் போட்ட படத்திலும் அம்புக்குறி சரியாகத்தான் இருந்தது! டேய், ஒனக்கு மூக்குன்னு ஒன்னு இருக்கா இல்லையா? வாளிய ரெண்டு கையாலயும் தூக்கி... தூக்கி இன்னும் கிட்ட வச்சியேடா —

"அந்த டிப்ளோமாவைக் கோழியிட்டைக் குடும்," என்றார் நடராசா ஐயா. சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 4

அம்மாவிடம் சொன்னேன். வேலை போகலாம், வீடும் போகலாம். கோழிகளை விற்றுவிடுவோம் என்றேன்.

"தப்புப் பண்ணது நீ. அதுங்கள ஏன்டா விக்கணும்?" கொஞ்சம் யோசித்தாள். "ஒன்னய வித்தாலும் எவனும் வாங்க மாட்டான்."

ஆகஸ்ட் 30

நிரந்தரம் இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவாம். தோட்டத்து நிர்வாகி பெரிய துரை என்னை நிறுத்திவிடத்தான் இருந்தாராம், நடராசா ஐயாதான் தடுத்தாராம். என்ன சொன்னீர்கள் என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"கள்ளன் எண்டால் முதல்ல வாளியை ஒளிச்சிருப்பான், இவன் வெறும் மொக்கன் எண்டு சொன்னனான்."

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மழையில் மலைக்கு ஏறினாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 7

வாளி இப்போது எங்கள் குசினியில், அடுப்புச் சுவரோரமாக, சாக்கு சுற்றி. மெதுவாகத்தான் புளிக்கிறது. காத்திருக்கிறேன். நான்!

செப்டம்பர் 20

கோழி எச்சமெல்லாம் சிவப்பு. இரத்தக் கழிச்சல் என்று பயந்து ஹட்டனுக்கு ஓடினேன். "பீட்ரூட் இலை குடுத்தீங்களா?" என்றார் மிருக வைத்தியர்.

அக்டோபர் 16

அடுப்பில் அம்மா வெந்நீர் வைக்க, மேலே காயப்போட்டிருந்த என் சட்டையெல்லாம் புளிச்ச வாடை. எனக்கே அடித்தது. மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 28

நிரந்தரம். நடராசா ஐயா கை கொடுத்தார். பிறகு தன் கையை மோந்து பார்த்தார்.

டிசம்பர் 1

விடியும் முன்பே, ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு ஊதியது. வேலையை விட்டும் பழக்கதோஷம், அம்மா எழும்பிக் கூடையைத் தேடினாள். கூடைக்குள் வெள்ளச்சி அடை படுத்திருந்தது. "எந்திரிடி" என்றாள். அது எழும்பவில்லை. அம்மாவும் மறுபடி சொல்லவில்லை.

குசினிக்குப் போய், கால் நீட்டி உட்கார்ந்து, வாளியைத் திறந்தாள். மோந்தாள். இரண்டு சோளத்தை நசுக்கிப் பார்த்தாள்.

"எடுக்கட்டுமா?" என்றேன்.

"இன்னும் ஒரு நாள் போகட்டும்."

மூடியை வைத்து, அந்த மூன்று மொழி எழுத்தும் என் பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பிவிட்டாள்.