முதலாம் தரம் என்று எழுதிய கை

இன்று காலை தாதி ஒருத்தி மாதக் கூட்டத்துக்கான படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்த சிக்கல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம். முதல் வரி: "காய்ச்சல். பனடோல் கொடுக்கப்பட்டது. முதலாம் தரம்." நான் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. பேனையை எடுத்ததும் உன் ஞாபகம் வந்தது, எரிச்சலும் கூடவே வந்தது. செத்தவன்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

இந்தத் தரம் பிரிக்கிற முறை கண்டி ஆஸ்பத்திரியில் நம் வார்டுக்கு வந்தபோது யுத்தத்தின் கடைசி வருடங்கள். நான் கண்டியிலேயே பிறந்தவன், நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அந்த வார்டில் தமிழ் பேசுகிற டொக்டர்கள் நாம் இரண்டு பேர்தான். சிக்கல் மாத்திரையோடு போனால் ஒன்று, இரத்தம் ஏற்றினால் இரண்டு, திரும்ப வெட்டினால் மூன்று, தீவிர சிகிச்சைக்குப் போனால் நான்கு, செத்தால் ஐந்து. நோயாளி பட்ட பாட்டை அது அளக்கவில்லை, நாம் செய்த வைத்தியத்தை அளந்தது. அட்டவணையைப் பார்த்த அன்றே நீ சிரித்தாய். "அப்ப நாங்கள் ஒண்டும் செய்யாட்டி, ஆளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நல்ல கணக்கு மச்சான்."

இராசம்மா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். குடல் அடைத்து வந்து, நாம் வெட்டித் தைத்து நான்காம் நாள். வடக்கில் காயப்பட்ட இராணுவப் பையன்கள் வருகிறார்கள், மதியத்துக்குள் கட்டில்களைக் காலி பண்ணுங்கள் என்று பெரிய டொக்டர் உத்தரவிட்டார். வலியில்லாதவர்களை அனுப்பலாமாம். அந்தப் பையன்கள்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. நீ ஒப்பரேஷன் தியேட்டரில் இருந்தாய். வார்டில் நான் மட்டும்.

நான் கேட்குமுன்பே அந்த அம்மா சொன்னார். "வலியெல்லாம் இல்லீங்க ஐயா, என்னைய அனுப்பிருங்க. சுத்திவளைப்புல பொலிஸ்காரங்க பையனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க, அடையாள அட்டை இல்லேன்னு. நான் போயி நிக்கணும்."

வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. உள்ளே தையல் விட்டுவிட்டது என்று அந்தக் கைக்குத் தெரியும். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம், தியேட்டர் கூப்பிடு தூரம். கூப்பிட்டால் திரும்ப வெட்ட வேண்டும், கட்டில் காலியாகாது, பெரிய டொக்டர் ஏசுவார். என் மேற்படிப்புக்கு அவருடைய கடிதம் வேண்டும். காய்ச்சல், பனடோல், முதலாம் தரம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் தோட்டத்து லய வீட்டில் செத்துப்போனார். அதற்கு முதல் நாள் முழுக்கப் பொலிஸ் வாசலில் நின்றாராம். மகனைக் காட்டவில்லையாம். மரணச் சான்றிதழுக்குத் துண்டு கேட்டு வந்த அவருடைய புருஷன்தான் சொன்னார், அதுவும் என்னிடம், கைகட்டிக்கொண்டு.

மாதக் கூட்டத்தில் நீ எழும்பி, இது ஐந்தாம் தரம் என்றாய். வார்டில் சாகவில்லை, ஆகவே எழுதினது எழுதினதுதான் என்றார் பெரிய டொக்டர். நீ விடவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, அனுப்பும்போது வலி இருந்ததா என்று கேட்டார்.

"இல்லையென்று சொன்னார், சேர்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு எதிலும் குறை கண்டுதான் பழக்கம் என்று பெரிய டொக்டர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

வெளியே வந்து நீ ஒரேயொரு கேள்வி கேட்டாய். "அந்த அம்மா நோவு இல்லை எண்டு சொன்னவ, சரி. உன்ர கை என்ன சொன்னது?"

நான் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நீ என்னை அறைந்திருக்கலாம். நாலு பேருக்கு முன்னால் காறித் துப்பியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, "வா, தேத்தண்ணி குடிப்பம்" என்றாய். அந்தத் தேத்தண்ணிக்காகத்தான் உன்மேல் இந்தக் கோபம். இரண்டு மாதத்தில், சண்டை நடக்கிற வன்னியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கேட்டு வாங்கினாய். "போட்டு வாறன் மச்சான்" என்று பஸ் ஏறினாய். ஆஸ்பத்திரிமேல் ஷெல் விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். உன் பெயருக்கு நேரே யாரும் எந்தத் தரமும் எழுதவில்லை.

எனக்குக் கடிதம் கிடைத்தது. இப்போது நான்தான் பெரிய டொக்டர்.

படிவத்தைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். அந்த முதல் வரிக்கு உரிய மனிதர் கட்டிலில் இருந்தபடி, வலியில்லை, வீட்டுக்குப் போகலாமா என்று சிங்களத்தில் கேட்டார். வயிற்றில் கை வைத்தேன். மெத்தென்று இருந்தது. முதலாம் தரம் சரிதான், கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் வயிற்றிலிருந்து கையை எடுக்கத்தான் நேரமாயிற்று. தாதி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

நீ அன்று கேட்டாயே, என் கை என்ன சொன்னது என்று. இறுகியிருந்தது மச்சான். தொட்ட உடனேயே தெரிந்தது.