கட்டுப் போட்ட கட்டைவிரல்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்குக் குளிர் வந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கட்டைவிரலைப் பற்றி அப்பா ஏதாவது சொன்னால் பயப்படாதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அங்கே எதைப் பேச முடியும்? மாடி வீட்டு நர்ஸ் நாளைக்கு உன் ஊருக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு.

அப்பா இரண்டு தடவை பர்ஸைத் தொலைத்ததும் நீ வந்து பேங்க் கார்டை நிறுத்தியதும், இனி எல்லாம் போனிலேயே என்று சொன்னதும் எங்கள் நல்லதுக்குத்தான், உன்னைக் குறை சொல்லவில்லை. முதலில் ஆறு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தாய், அப்பா அதைத் தாளில் எழுதிப் போனின் முதுகிலேயே ஒட்டிவைத்தார், நீ தலையில் அடித்துக்கொண்டு எண்ணை மாற்றினாய். மாற்றிய எண்ணை அவர் மூன்று தடவை தப்பாக அழுத்தி ஒரு வாரம் எல்லாம் பூட்டிக்கொண்டது. கடைசியில் விரலை வைத்தால் போதும் என்று செய்தாய், அப்போதுதான் அவருக்கு ரேகையே இல்லை என்று தெரிந்தது. நாற்பது வருஷம் தரைக்குப் பாலீஷ் போட்ட கை, கல்லும் தண்ணீரும் பத்து விரலையும் வழித்துவிட்டன. ஊர்த் தரையெல்லாம் பளபளக்குது, என் விரலுந்தான் என்று அவர் சிரித்தார், நீயும் சிரித்தாய். எனக்கு வலது கையில் கரண்டி இருந்தது, இடது கையை நீட்டினேன், அந்தக் கட்டைவிரலைப் பதிவு செய்துகொண்டு நீ ரயில் ஏறிவிட்டாய். அன்றைக்கு நாங்கள் மூவருமே யோசிக்காத ஒன்று, அப்பா எங்கே போனாலும் இனி அந்த விரலும் போக வேண்டும், விரல் தனியாகப் போகாதே.

முடிவெட்டும் கடையில் ஆண்களுக்கு நடுவில் நான் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் டீ குடிக்கப் போனால் கூட நான் போகிறேன், டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் சாவி வந்தாச்சு என்கிறார். முதல் மாதம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் பஸ் ஏறி என் தையல் கம்பெனித் தோழி நெட்டையைப் பார்த்துவிட்டு வருவேனே, அதுவும் நின்றுபோயிற்று. பஸ்ஸில் காசு வாங்குவதில்லை, நான் போனை எடுத்துக்கொண்டு போனால் அவர் வீட்டில் வெறுங்கையோடு உட்கார வேண்டும், அவரையும் கூட்டிப்போனால் நாங்கள் இருவரும் புருஷன்மாரைப் பற்றி என்னத்தைப் பேசுவது? எனக்கு மூச்சு முட்டுகிறது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அவருக்கு அதைவிட மோசம். ஒருநாள் செருப்புக்கடை வாசலில் நின்று, உனக்கு ஒரு செருப்பு வாங்கித் தரணும்னாலும் உன் விரலைத்தான் கேக்கணும் என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் பதில் கொடுத்திருப்பேன், கோபம் இல்லை.

போன மாதம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டிலேயே என் விரலை வைத்துத் திறந்துகொண்டு, திரை அணையாமல் தடவிக்கொண்டே நடந்தால் போகிற இடத்தில் பணம் கட்டிவிடலாமாம். முடிவெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, காற்றில் விளக்கை அணையாமல் கொண்டுபோவதுபோல ஒரு கையில் போனைப் பிடித்து மறுகையால் தடவியபடி தெருவில் போனார். எதிரே வந்தவர்களுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஆனால் போனது ரயில்வே ஸ்டேஷனுக்கு. உள்ளே போகும்போது திரை எரிந்திருக்கிறது, போனைக் காட்டினால் திறக்கும் கம்பி வாயில் திறந்துவிட்டது. வண்டியில் யாரோ இடித்ததில் கை விலகி, திரை அணைந்துவிட்டது. இறங்க வேண்டிய இடத்தில் வெளியே விடவில்லை, திரும்பி நம் ஸ்டேஷனுக்கே வந்தார், இங்கேயும் விடவில்லை. காவலாளி, எனக்குத் திறக்க அதிகாரம் இல்லைங்க, மெஷின் திறந்தாதான் உண்டு என்றாராம். மூன்று மணி நேரம் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் அங்கே பார்த்துவிட்டு வந்து சொன்னதால் எனக்குத் தெரிந்தது. போன் இல்லாமல் பஸ் ஏது, அரை மணி நேரம் நடந்தே போனேன். அவர் உள்ளே நின்று போனை நீட்ட, நான் வெளியே நின்று கம்பிக்கு மேலே கையை நீட்டி விரலை வைத்தேன். பின்னால் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். வாயில் திறந்தது, அவர் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது, தோல் டாக்டரைப் பார்க்க, முந்தின நாள் தேதி. எதற்கு என்று கேட்டேன். ரேகை திரும்ப முளைக்குமான்னு கேக்கலாம்னு போனேன் என்றார். அதற்குப் பிறகு அவர் வாசல் தாண்டவில்லை. காலையில் எழுந்ததும் பத்து விரலுக்கும் எண்ணெய் தடவுவார், ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். வா, நடந்துவிட்டு வரலாம் என்றால், நீ போ, எனக்கென்ன வேலை என்பார். சொன்னால் கேட்கிற ஆளா அவர், பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். அவர் போகாததால் நானும் போகவில்லை. இரண்டு அறைக்குள்ளே இரண்டு பேர், பொழுது போகாமல் நான் ஒரே அலமாரியை நாலு தடவை துடைத்தேன்.

அதனால்தான் திங்கட்கிழமை காலை நான் இந்தக் காரியத்தைச் செய்தேன். காய் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது என்று சொல்லி இடது கட்டைவிரலில் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டேன். அப்பா போனை எடுத்துத் தன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த முட்டியோடு முக்கால் மணி நேரம் நடந்து பேங்குக்குப் போய்விட்டார்! என் பெண்டாட்டி கையில காயம், ஆறுற வரைக்கும் அவ வீட்டுக்குள்ளயே கிடக்கணுமா என்று சத்தம் போட்டிருக்கிறார். தனக்காக என்றால் வாயைத் திறந்திருக்க மாட்டார். பழையபடி கார்டு தரலாம், தேய்த்தாலே போதும், ஸ்டேஷனிலும் பஸ்ஸிலும் செல்லும், ஆனால் நிறுத்தியது மகன், மகன் சம்மதம் வேண்டும் என்று அங்கிருந்த பெண் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, பர்ஸ் தொலைச்சவன் எந்த மூஞ்சியோட அவன்கிட்ட கேக்குறது என்றார்.

கட்டுக்குக் கீழே காயம் இல்லை, மகனே. பொய்யைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இப்போது அவிழ்க்கவும் முடியவில்லை. நானே கட்டு மாற்றுகிறேன் என்று அவர் பஞ்சும் துணியுமாக வந்து நிற்கிறார், நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இதையும் அங்கேதான் எழுதுகிறேன். பாத்திரம் அவர்தான் தேய்க்கிறார், தரை தேய்த்த மாதிரியே தேய்க்கிறார், குழம்புச் சட்டியில் முகம் தெரிகிறது. நேற்று ஒற்றைக் கையால் நான் தலையோடு மல்லாடுவதைப் பார்த்துவிட்டு அவரே பின்னிவிட்டார், முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்குதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் உன்னிடம் அந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டால் சொல்லாதே, சொன்னால் பழைய கதைதான், மூன்று தடவை தப்பாக அழுத்துவார், நீ திட்டுவாய், அவர் மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார். பேங்கிலிருந்து உனக்குச் செய்தி வரும், சரி என்று ஒரு அழுத்து அழுத்து. பர்ஸ் மறுபடி தொலைந்தால் தொலையட்டும். தொலைப்பதற்காவது அவர் வெளியே போயிருப்பார் இல்லையா? அவர் கேட்டதாக இருக்க வேண்டாம், நீயாகவே நினைத்துக் கொடுத்ததாக இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குட்டியை மழையில் நனையவிடாதே, மருமகளிடம் நான் விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நூறு வருஷம் சுகமாக இருங்கள், இந்த அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. படித்ததும் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது விரல் எப்படிம்மா இருக்கு என்று மறக்காமல் கேள், அப்பா காதில் விழும்படி கொஞ்சம் வருத்தமாகவே கேள்.

கட்டு அவிழும் நாளுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா