முப்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில்

அன்பு மாறாத தம்பி சிவலிங்கத்துக்கு,

போன இடத்திலும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, யாரையாவது பாடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே உலகச் சண்டைக் காலம், காகிதம் குதிரைக் கொம்பாகிவிட்டது. பழைய நோட்டீஸுகளின் முதுகில் இதை எழுதுகிறேன். உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் வீட்டுக்காரி செல்லம்மாள் குமாரபாளையத்திலேயே தறியில் உட்கார்ந்து குடும்பத்தை இழுக்கிறாள். இருவரும் சுகம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வரப்புத் தகராறில் பங்காளி மண்டையை உடைத்ததைச் சொல்லவில்லை, அதற்கு மூன்று வருஷம் உள்ளே இருந்து கழித்துவிட்டேன். இது உங்களிடம் சொன்ன பொய்.

கள்ளுக்கடை மறியலுக்காக நீங்கள் ஜெயிலுக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் உங்களைப் பைத்தியம் என்றார்கள். செக்கடியில் பாடுகிறவன், கல்லுடைக்கும் இடத்தில் முனகுகிறவன், எவனையும் நீங்கள் விடவில்லை. பாடினவன் பெயர், ஊர், செய்த வேலை எல்லாம் நோட்டில் ஏறியது. எங்களை மனிதர் வரிசையில் வைத்து எழுதினது நீங்கள் ஒருவர்தான் தம்பி.

என் வேலை தோட்டத்துக் கிணற்றில் ஏற்றம் இறைப்பது. எங்கள் ஊரில் தண்ணீர் இறைக்க மாடு இருக்கும், ஜெயிலில் மாடும் நாங்கள்தான். மேச்சேரி ஆட்டுக்காரன் மாரப்பன் மேலே ஏற்ற மரத்தில் முன்னும் பின்னும் நடப்பான். நான் கீழே தண்ணீர் மொள்ளும் சாலைப் பிடித்து, ஒவ்வொரு சாலுக்கும் எண் சொல்லிப் பாடுவேன். வார்டர், கிணற்றடிக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் நிழலில் சாய்ந்துகொண்டு, என் பாட்டைக் கேட்டே கணக்கு வைப்பார். நான் நூறு என்றால் சுவரில் ஒரு கோடு.

அந்தக் கோடையில் மாரப்பனுக்கு நெஞ்சில் சளி கட்டி விடாத காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. முப்பது சாலுக்குள் அவன் கால் நடுங்கும். அங்கிருந்து விழுந்தால் நேராகக் கிணறு. அதனால் முப்பதாம் வரியையே இழுத்து இழுத்துப் பாடுவேன். அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிறகு ஒரே தாவலாக நாற்பத்தொன்றுக்குப் போய்விடுவேன். நூற்றுக்குப் பத்துச் சால் திருட்டு. பிடிபட்டால் இருவருக்கும் காலில் விலங்கு.

வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நோட்டோடு வந்து உட்கார்ந்தீர்கள். வார்டரும் வெற்றிலை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். என் நாக்கு பழக்கத்தில் போனது.

“முப்பதாஞ் சாலு முருங்க பூத்த வாசலு,
நாப்பத்தொண்ணாஞ் சாலு நாத்து நட்ட வயலு.”

நீங்கள் பென்சிலை நிறுத்தினீர்கள். “ஏனுங்கண்ணா, நடுவுல பத்தக் காணமே?”

வார்டர் பக்கம் திரும்பாமலே சொன்னேன். “நமக்கு எண்ணத் தெரியாதுங்க தம்பி. வாயில வந்ததப் பாடறனுங்க.”

வார்டர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை, குனிந்து எழுதினீர்கள். என்னை நிஜமாகவே நம்பினீர்களா தம்பி? அதை இப்போது யாரிடம் கேட்பேன்?

விடுதலையானபின் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை உங்கள் வீட்டுக்குக்கூட வந்தேன். கூடத்தில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். “நம்ம பாட்டுக்கார அண்ணனுங்க” என்று என்னை எல்லோருக்கும் பெருமையாகக் காட்டினீர்கள். அங்கே ஜெயில் கதையை எடுக்க வெட்கப்பட்டு, மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

போன மாசம் செல்லம்மாள் சொல்லியனுப்பினாள். உங்கள் நோட்டுகளைச் சேலத்தில் ஒரு கல்லூரி வாங்கி இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறதாம், அச்சுப் போடப் போகிறார்களாம். மறுநாளே பஸ் ஏறினேன். பேராசிரியர் மரியாதையானவர், நோட்டைக் கையில் கொடுத்தார். ஓரத்தில் உங்கள் எழுத்து: “பாடியவர் எண்ணத் தெரியாதவர். பத்து வரிகள் விடுபட்டுள்ளன.” நடுவில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. கல்லூரிக்காரர்கள் ஆத்தூர்ப் பக்கம் யாரிடமோ கேட்டு வாங்கிய பத்து வரிகள் அதில் புது மையில் அழகாக உட்கார்ந்திருந்தன.

வாய்விட்டுப் படித்தேன். “நீங்க படிப்பீங்களா?” என்றார் பேராசிரியர்.

“நாலாங் கிளாஸுங்க” என்று, நூறிலிருந்து தலைகீழாக எண்ண ஆரம்பித்தேன். எழுபதில் கையைப் பிடித்து நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். “உங்க ஒரு வாய்ச் சொல்ல நம்பி எப்படிங்க மாத்தறது? அவரே குறைன்னு எழுதி வச்சிருக்காரே. சாட்சி இருக்குதுங்களா?”

நேராக மேச்சேரிக்குப் போனேன். மாரப்பன் உயிரோடு இருக்கிறான் தம்பி, ஆட்டுக்குக் கிளை ஒடித்துக்கொண்டிருந்தான். அவன் மகளுக்கு நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இவன் ஜெயிலுக்குப் போனது தெரியாது. அதைக் கேட்டதும் நானே தயங்கி, “வேண்டாஞ் சாமி, உட்று” என்றேன்.

அவன் அரிவாளைக் கீழே வைத்தான். “அந்தப் பத்துச் சாலுக்கும் நின்னவன் நானுங்கண்ணா. நான் வாராம வேற ஆரு வருவா? சம்பந்தி ஊட்டுல நானே சொல்லிப்போடறனுங்க.”

நேற்று சொல்லியும்விட்டான். அவர்கள் இன்னும் பதில் தரவில்லை. அவன் தூங்கியிருக்க மாட்டான் என்று தெரியும். இருந்தும் வருகிறேன் என்றே ஆள் அனுப்பியிருக்கிறான்.

திங்கட்கிழமை இருவரும் சேலம் போகிறோம். உங்கள் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றச் சொல்ல மாட்டேன், ஓரத்தில் இருப்பதும் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே என் கைப்பட நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒட்டிய துண்டை எடுக்க வைப்பேன். இந்தத் திங்கள் முடியாவிட்டால் அடுத்த திங்களும் போவேன். புத்தகம் வரும்போது முப்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் பத்து வரி இடம் வெறுமையாக இருக்கும். அங்கே ஒருவன் நின்று மூச்சு வாங்கினான் தம்பி. அந்த இடத்தில் யாரையும் எதையும் எழுத விடமாட்டேன்.

உங்கள் கூடப் பிறக்காத அண்ணன்,
செங்கோடன்