நீலக் கோடு போட்ட பால் டின்

1979 மார்ச் 3, சனி

காலையிலிருந்தே மழை. மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்தது. பிளக்கைத் துடைத்துத் துடைத்துக் கையெல்லாம் கறுப்பு. ஈப்போ டவுனில் வேலைகள்: ஆபீசுக்குக் கார்பன் தாள். ஸ்டெல்லாவுக்குத் தையல் நூல் (மறந்தேன், திட்டு). எஸ்டேட்டுக்கு இன்னொரு பால் டின்.

நிறுவனத்துப் பெரியவர் பீட்டர் ஹாலந்திலிருந்து வருகிறார். அவரிடம் சொல்ல ஒத்திகை: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், ரப்பர் மரங்கள் போயின, பெண்களுக்கு வேலை போனது. மாடுகள் மட்டும் மிச்சம். நம் நிறுவனம் பணம் போட்டுப் பால் சங்கம் தொடங்கியிருக்கிறது. எல்லார் வீட்டுப் பாலும் ஒரே டின்னில் சேர்ந்து ஈப்போ காப்பிக் கடைகளுக்குப் போகிறது. சீக்கிரமே நம் உதவி இல்லாமல் அவர்களே நடத்துவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொரு டின் எதற்கு என்பது ஒத்திகையில் இல்லை. சங்கத் தலைவி கோவிந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: "எனக்கு ஒன்னும் இல்லீங்க சார். மத்தவங்கதான் ஒரு மாதிரி பேசுறாங்க. பாக்கியத்து வூட்டுப் பாலு தனியா போனா நல்லதுலா." மற்ற வீடுகளிலும் போய்க் கேட்டேன். எல்லா வீட்டிலும் அதே பதில், எனக்கு ஒன்றும் இல்லை, மற்றவர்கள்தான். பாக்கியம் அக்கா கடைசி லயத்துக்காரர், தோட்டத்து வீட்டு வரிசைகளில் கடைசி. என்ன சாதி என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

முடியாது என்றால் சங்கம் உடையும். பீட்டர் வருகிற நேரத்தில். ஆகவே வாங்கினேன். இரும்புக் கடைத் தவுக்கே, சீன முதலாளி, மலாயில் கேட்டார், பெரியதே வாங்கேன், சின்னது எதற்கு என்று. சின்னதுதான் வேண்டும் என்றேன்.

வீட்டு ஜன்னலுக்கு அடித்தது போக மிஞ்சிய நீலச் சாயத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. மாறிவிடக் கூடாதே. ஸ்டெல்லா பார்த்துவிட்டு என்ன இது என்றாள். அடையாளம் என்றேன். எதுக்கு அடையாளம் என்றாள். சோறு போடச் சொன்னேன்.

மார்ச் 5, திங்கள்

பனி. ரோட்டில் லாரி விளக்கு மட்டும் தெரிந்தது. பால் சேர்க்கும் இடம் பழைய நிறுவைக் கொட்டகை. ரப்பர் பால் வாடை இன்னும் போகவில்லை.

பாக்கியம் அக்காவிடம் சொல்லத் தயார் செய்துகொண்டு போனது: உங்கள் பால் கெட்டி, தனியாகப் போனால் நல்ல பெயர் கிடைக்கும். சொன்னேன். அவர் டின்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். "சரிங்க சார்." புது டின்னின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டுப் பாலை ஊற்றினார். மற்றவர்கள் ஊற்றிவிட்டுப் போகும்வரை வெளியே நின்றுதான் வந்தார். அப்படி நிற்கச் சொல்லி நான் சொல்லவில்லை. நிற்காதீர்கள் என்றும் சொல்லவில்லை.

கோவிந்தம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி. சாருக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டார். ஈப்போ என்றேன். "அதான் பாத்தாலே தெரியுதே" என்றார்.

ஈப்போவா? அப்பா பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில், அங்கேயும் கடைசி லயத்தில். பிறகு ஞானஸ்நானம், புதுப் பெயர், டவுன் வேலை. நாங்கள் இப்போது இருக்கும் குனோங் ராபாட்டில் யாரும் கேட்பதில்லை. அருளப்பன் என்றால் சர்ச்சுக்காரன், அத்தோடு சரி. காப்பி நன்றாக இருந்தது என்பதுதான் எரிச்சல்.

மார்ச் 9, வெள்ளி

பல் வலி, கிராம்பு வைத்தேன். சின்னவனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டும்.

பால் வேனோடு நானும் போனேன். முதல் காப்பிக் கடையில் சமையல்காரர் பெரிய டின்னைத் தூக்கி அண்டாவில் கவிழ்த்தார். அடுத்து நீலக் கோடு டின். அதே அண்டா, அதே கரண்டியால் ஒரு கிண்டு. சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்பா கதை தெரியும். "இத அந்த பாக்கியம் அக்காகிட்ட போயி சொல்லுங்களேன்" என்றாள். பல் வலிக்கிறது என்று படுத்துவிட்டேன்.

மார்ச் 16, வெள்ளி

நல்ல வெயில். பீட்டர் முகம் தக்காளிச் சிவப்பு. தங்கமான மனிதர். லயத்துப் பிள்ளைகள் எல்லாரிடமும் பெயர் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

கொட்டகையில் நேராக அந்தச் சின்ன டின்னிடம் போனார். நீலக் கோடு எதற்கு என்றார். ஒரே ஒரு நிமிஷம், உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தது. பெண்கள் நின்றார்கள். பாக்கியம் அக்காவும் தூரத்தில் நின்றார். வாய் தானாக இங்கிலீஷில் சொன்னது: தரம் பார்த்துப் பிரிக்கிறோம், இது கெட்டிப் பால்.

அவர் விடுவாரா? பையிலிருந்து பால் பார்க்கும் கண்ணாடிக் குழலை எடுத்து இரண்டு டின்னிலும் விட்டுப் பார்த்தார். உண்மையாகவே பாக்கியம் அக்கா பால்தான் கெட்டி. பெரிய டின்னில் எல்லாரும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கிறார்கள். யார் சேர்த்தது என்று கண்டுபிடிக்க முடியாதே. இவர் பால் தனியாகப் போகிறது, சொட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் இவர்தான் என்று தெரிந்துவிடும். என் பொய் உண்மையாகிவிட்டது. இப்படியும் ஒருவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்குமா?

பீட்டருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பாக்கியம் அக்காவை டின்னோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். இனி நீலக் கோடு டின் பாலுக்குப் போத்தலுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை, நிறுவனமே தரும் என்றார். நான் தமிழில் சொன்னேன். பெண்கள் சின்ன டின்னின் கோட்டைப் பார்த்தார்கள்.

திரும்பும்போது மனசு லேசு. அவருக்குக் காசாவது கூட வருமே. நான் செய்தது நல்லதாகவே முடிந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். வெட்கமில்லை எனக்கு.

மார்ச் 19, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை.

கொட்டகைக்குப் போனால் பெரிய டின்னின் கழுத்தில் நீலக் கோடு. பளிச்சென்று, ஈரம்கூடக் காயவில்லை. கோயிலுக்கு வாங்கிய சாயமாம். சின்ன டின்னின் கோட்டைக் கோவிந்தம்மா வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டார்.

"நல்ல பாலுக்குத்தானே சார் நீலம்? இத்தன வூட்டுப் பாலு நல்ல பாலு இல்லன்னு சொல்லுவீங்களா?" கோவிந்தம்மா கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நியாயம் கேட்கிற குரல். சுற்றி எல்லாரும்.

என்ன சொல்வது? கெட்டிப் பால் பாக்கியம் அக்காவுடையதுதான் என்றால், நீங்கள் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று அர்த்தம். கோடு போட்டதே வேறு காரணத்துக்கு என்றால், அந்தக் காரணத்தை நான் சொல்ல வேண்டும். பெரிய டின்னுக்குக் கூடுதல் விலை என்று எழுதிக்கொண்டேன். சின்ன டின்னுக்குப் பழைய விலை.

பாக்கியம் அக்கா எல்லாரும் போனபிறகு வந்தார். கோடு போன இடத்தில் தகரம் மங்கலாக இருந்தது. அதில் ஊற்றினார். என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால் நான் எங்கே பார்த்திருப்பேன்?

மார்ச் 20, செவ்வாய்

மழை. பீட்டர் கோலாலம்பூரிலிருந்து போன். நாளைக்கு விமானம். இரண்டு டின் முறையைப் பற்றித் தெளிவாக எழுதித் தரச் சொன்னார். கோல கங்சார் பக்கம் இன்னும் இரண்டு தோட்டத்தில் செய்யலாமாம். இந்தோனேசியாவில் ஒரு திட்டம் இருக்கிறது, அங்கேயும். எல்லாம் உன் யோசனை அருள், என்றார்.

தேங்க்யூ சொன்னேன். இதைவிடக் கேவலமாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை. ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 24, சனி

காலையில் தூறல், பிறகு வெயில். பாக்கியம் அக்கா சங்கத்தை விட்டுப் போகிறார் என்று வேன் டிரைவர் சொன்னார். பஞ்சாபிப் பால்காரர் திங்கள் முதல் வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்வாராம். விலை குறைவு. அக்கா வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி போக வர அந்தப் பால் காசுதான்.

கடைசி லயத்துக்குப் போனேன். இந்த ஏழு மாதத்தில் முதல் தடவை. மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். போகாதீர்கள் அக்கா என்றேன், கெஞ்சினேன். அவருக்காகவா, பீட்டர் எடுத்த அந்தப் படத்துக்காகவா? கூடுதல் விலையை உங்களுக்கும் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கொஞ்சம் காப்பி கொடுங்கள் அக்கா என்றேன்.

"வேணாம் சார். யாராச்சும் பாத்தா ஒங்களுக்குத்தான் சங்கடம்."

அப்போதுதான் சொன்னேன். அப்பாவின் பழைய பெயர், அந்தத் தோட்டம், கடைசி லயம். அந்த எஸ்டேட்டில் யாரிடமும் சொல்லாதது. சொல்லிவிட்டு அவர் முகம் மாறும் என்று காத்திருந்தேன். பெரிய காரியம் செய்துவிட்டவன் மாதிரி.

அவர் மிச்சப் புல்லையும் போட்டுவிட்டுக் கையில் ஒட்டியதைத் தட்டிவிட்டார்.

"தெரியும் தம்பி. மொத நாளே தெரியும். ஒங்கப்பாவும் எங்கண்ணனும் பக்கத்துப் பக்கத்து நெரையில மரம் சீவுனவங்க. அதே நடைதான் ஒங்களுக்கு."

தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒங்களுக்கும் ஒரு டின்னு வாங்கணும்லா."

குத்திக் காட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாளும் அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார், நான் எனக்காக மூடிக்கொண்டிருந்தேன். வண்டியைக் கிளப்பக் கை வரவில்லை. சுங்கை சிப்புட் வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை அவர் பால் வராது. ஏன் என்று பீட்டர் கடிதத்தில் கேட்பார். மாடு வற்றிவிட்டது என்று சொல்லலாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.