கூடைமேல் காயப்போட்ட விரதப் புடவை

28-10-57, திங்கள். ஐப்பசி 12.

குழந்தை நன்றாகத் தூங்குகிறான். இதோடு நான்கு முறை எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்று சஷ்டி விரதம் ஐந்தாம் நாள். அடைமழையில் விரதப் புடவை காயவே இல்லை. கும்மட்டியில் கரி நெருப்புப் போட்டு, மூங்கில் கூடையை அதன்மேல் கவிழ்த்து, புடவையைக் கூடைமேல் விரித்தேன். இரண்டு முழம் தள்ளித் தூளியில் குழந்தை. கொழுந்தன் மனைவி செல்லம் வீட்டுக்கு விலக்காகிப் பின்கட்டில் இருந்தாள். "புடவை பக்கம் வந்துடாதே" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் பூப்பறிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் கூடம் முழுக்கப் புகை. முந்தானை சரிந்து நெருப்பில் விழுந்து, கூடையும் பற்றியிருக்கிறது. செல்லம் எல்லாவற்றையும் முற்றத்து மழையில் இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை.

"தொட்டுட்டேன்க்கா. முருகன் கோவிச்சுக்கிட்டா எம்பேரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன்.

"ஐயோ, போய்த் தலைக்கு ஊத்துங்கக்கா!"

"அது கெடக்கு. ஒங்கையக் காட்டு."

விரல் நுனியில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

இனி ஆள் இல்லாத நேரத்தில் கும்மட்டிமேல் துணி கிடையாது. தூளி இருக்கும் கூடத்துக்குள் கும்மட்டியே கிடையாது. காயாவிட்டால் ஈரத்தோடு கட்டிக்கொள்வேன்.

முருகா, நான் போட்ட தடையை அவள் கேட்காமல் போனது உன் கருணை. நாளைப் பூசைக்கும் அந்தப் புடவைதான். முந்தானை கருகியிருக்கிறது. அதை மறைத்துக் கட்டப் போவதில்லை.