பிரேக் இல்லாத வண்டி

7-7-87, செவ்வாய்
விடிந்ததிலிருந்து காற்று. கடை முழுக்க மண். பிரேக் ஷூ பெட்டிகளைத் துடைத்து அடுக்கியதில் பாதி நாள் போச்சு.

தொப்பூர் இறக்கத்தில் ஒரு ஜீப் பிரேக் பிடிக்காமல் மண்மேட்டில் ஏறி நின்றதாம். இழுத்து வந்து நம் மெக்கானிக் முனுசாமியிடம் விட்டார்கள். உள்ளே இருந்தவர் ஓசூர் ஃபாக்டரிக்கு மெஷின் மாட்ட வந்த போலந்துக்காரர். பேர் மரெக். அடி ஒன்றுமில்லை. சாமான் சேலத்திலிருந்து வரும்வரை என் கடை பெஞ்சுதான் அவருக்கு.

எதிர்க்கடை ரஃபீக்கிடம் ஒரு பஸ் நிற்கிறது. பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றுகிற கிரவுன் பினியன் பல்சக்கரம் நொறுங்கிவிட்டது. பஸ் முதலாளி தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "வெள்ளிக்கெழம மொத ட்ரிப்பு போவணும். போச்சுன்னா என் வண்டி வேல அத்தனையும் உனுக்கு. இல்லாட்டி எதுர்ல உங்கண்ணன்கிட்ட உட்டுருவேன்."

அந்த அண்ணன் நான். கடையைப் பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சில்லை. ஊரிலேயே அந்த செட் ஒன்றுதான், என் கோடவுனில். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை என் பக்கம்.

8, புதன்
காலை ரஃபீக் கடை ஆள் வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு, "பாய், கிரவுன் பினியன் இருக்குதுங்களா?" இல்லை என்றேன். முனுசாமி என்னைப் பார்த்தான்.

மாலை தூறல். டீ, வறுக்கி. மரெக் பர்ஸிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார். நாலு மோட்டார் சைக்கிள், மண் பறக்க, விழப்போகிற மாதிரி சாய்ந்து. அவர் ஊர்ப் பந்தய டீம். இளவயதில் அதில் மெக்கானிக்காம். என் இங்கிலீஷ் அரைகுறை, அவருடையதும் அதே. மீதி கையாலும் பேப்பரிலும்.

விளங்கியவரை: உலகச் சண்டை முடிந்து ஊர் இடிந்து கிடந்தது. பட்டாளம் விட்டுப்போன வண்டிகளை ஒட்டுப்போட்டுப் பந்தயம் விட்டார்கள். ஆலைச் சாம்பலைக் கொட்டி வட்டப் பாதை போட்டது ஜனங்களே. ஞாயிற்றுக்கிழமை மொத்த ஊரும் அங்கேதான். நாலு பேர், நாலு சுற்று, எப்பவும் இடதுபக்கமே திரும்பணும். இடது காலில் இரும்புச் செருப்பு, அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்புகிறார்கள். ஒரே கியர். ஸ்பிரிட்டில் ஓடும்.

முனுசாமி: "நம்மூர்ல அதக் குடிச்சி மனுசன் சாவுறான். அங்க வண்டிக்கு ஊத்துறானுங்களா!"

பிரேக் எங்கே என்றேன். இல்லை என்றார். பழுதா? இல்லை, வைப்பதே இல்லை.

பிரேக் ஷூ விற்று வூடு கட்டினவன் நான்.

9, வியாழன்
வெயில். ஜீப் சாமான் வரவில்லை. மரெக் மீதியைச் சொன்னார்.

ஒரு பந்தயத்தில் அவர்கள் பையன் ஒருத்தன் செத்துப்போனான். அடுத்த ஞாயிறு அவன் இடத்தைக் காலியாக விட்டு, மூன்று பேர் மெதுவாக ஒரு சுற்று வந்தார்களாம். கூட்டம் தொப்பியைக் கழற்றி நின்றதாம்.

அப்புறம் ஒரு வருஷம். கடைசிப் பந்தயம், ஜெயித்தால் மேல் டிவிஷன். கடைசி ஓட்டத்துக்கு முன்னால் எதிர் டீம்காரன் எஞ்சின் வெடித்தது. இவர்கள் கேப்டன் தன் ஸ்பேர் எஞ்சினைக் கொடுக்கச் சொன்னான். மரெக்கே தூக்கிப்போய் மாட்டினார். அந்த எஞ்சினிலேயே எதிராளி ஜெயித்தான். ஒரு பாயின்ட்டில் இவர்கள் தோற்றார்கள்.

"ஊர் அடிக்கலையா?"

கேப்டனைத் தூக்கி வானத்தில் போட்டுப் பிடித்தார்களாம். ஜெயித்தவனுக்குச் செய்கிற மரியாதை. எஞ்சின் கொடுப்பது அங்கே வழக்கம். ஓடாதவனைத் தோற்கடித்தால் அது ஜெயமே இல்லையாம். மேலே வர அப்புறம் பல வருஷம் ஆச்சு.

பைத்தியக்கார ஊர் என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மணிக்கு செட்டைச் சாக்கில் சுற்றி நானே ரோட்டைத் தாண்டினேன். ரஃபீக் பஸ்ஸுக்கு அடியில். கால் மட்டும் தெரிந்தது. வெளியே வந்தான், சாக்கைப் பார்த்தான்.

"இல்லன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னன். இப்ப இருக்குது. மாட்டு."

10, வெள்ளி
பஸ் மொத ட்ரிப்பே போயிற்று. டிரைவர் வேண்டுமென்றே என் கடை முன்னால் ஹாரன். வேலை ரஃபீக்குக்கு. ஜும்மா தொழுகையில் ஒரே வரிசை, அவனும் பார்க்கவில்லை, நானும். நாள் முழுக்க வயிற்றெரிச்சல். என்னை யார் தூக்கிப் போட்டார்கள் என்று புலம்பினேன். முனுசாமி மட்டும், "உடுங்க பாய், ஒங்கள தூக்கறதுக்கு கிரேன் வேணும்" என்றான்.

ஜீப் சரியாச்சு. மரெக் கிளம்பினார். போட்டோவை விட்டுப்போனார். கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஆச்சரியம்தான். சாம்பலில் ஒரு ஊர்.

11, சனி
மறுபடி காற்று. கோடவுனில் எலி, பொறி வாங்கணும்.

ரஃபீக் வந்தான். உள்ளே வரவில்லை, வாசற்படியில் ஒரு கால். கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்க்காமல் போட்டோவையே பார்த்தான்.

"முனுசாமி சொன்னான். நெசமாவா? பிரேக்கு இல்லாம அது எப்பிடிண்ணே நிக்கும்?"

இன்னொரு டீ சொன்னேன்.