ஓசூர் கோடை ஜாஸ் விழாவில் டிரம்ஸ் வாசித்த என்னை ‘நடனமாடிய பெண்’ என்று வழக்கில் சேர்த்தது பற்றி

அனுப்புநர்:
மு. வீரலட்சுமி (வயது 27),
த/பெ. முத்துமணி,
மாடி அறை, மூன்றாவது குறுக்குத் தெரு,
மஞ்சுநாதா நகர், ஓசூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: மஞ்சுநாதா நகர் மைதானத்தில் 18.05.2025 ஞாயிறு மாலை நடந்த ஏழாம் ஆண்டு கோடை ஜாஸ் விழா – பாதியில் நிறுத்தப்பட்டது – மேடையில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த என்னை ஆபாச நடனம் ஆடியதாக முதல் தகவல் அறிக்கையில் சேர்த்திருப்பது – திருத்தக் கோருதல்.

பார்வை: மஞ்சுநாதா நகர் காவல் நிலையத்தில் இதே பொருள் குறித்து நான் நேரில் கொடுத்து, இன்றுவரை பதில் கிடைக்காத இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சிவகங்கை மாவட்டம், காளையார்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவள். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். வேலை முடிந்த நேரத்தில் டிரம்ஸ் வாசிக்கிறேன். பள்ளியில் குடியரசு தின அணிவகுப்புக்கு டிரம் அடித்ததில் தொடங்கிய பழக்கம் அது. பகல் முழுக்க பிரஸ் மெஷின் ஒரே தாளத்தில் அடிக்கும். அதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் தாளத்தை என் இஷ்டத்துக்கு மாற்றலாம். எனக்கு இதில் இருக்கும் ஆசை அவ்வளவுதான் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. ஜாஸ் என்றால் என்ன என்று காவல் நிலையத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். தாங்களும் கேட்கக் கூடும் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அது ஒரு வகை மேற்கத்திய இசை. நாங்கள் வாசிப்பதில் பாட்டு கிடையாது, கருவிகள் மட்டும்தான். ஒருவர் ஒரு மெட்டை எடுப்பார், மற்றவர்கள் அதைக் கேட்டபடியே அந்த இடத்திலேயே யோசித்து வாசித்துக்கொண்டு போவார்கள். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தவிலோடு சாக்ஸபோன் வாசிப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த சாக்ஸபோன்தான் இதிலும் முக்கியம். வேற்று கிரகத்துச் சங்கதி ஒன்றுமில்லை, ஐயா.

3. எங்கள் குழுவில் சாக்ஸபோன் வாசிப்பவர் திரு. சௌந்தரராஜன். கும்பகோணத்துக்காரர், வார்ப்பு ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர். பேஸ் கிட்டார் வாசிப்பவர் திரு. சுரேந்தர். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், டயர் கடை வைத்திருக்கிறார். விழாவைத் தொடங்கியவர்கள் இவர்கள் இருவரும்தான். காரணம் எளிமையானது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஊர்த் திருவிழாவுக்குப் போக லீவு கிடைப்பதில்லை. இங்கே நடக்கும் திருவிழாக்களுக்கோ வரி கேட்டு யாரும் எங்கள் கதவைத் தட்டுவதில்லை. இரண்டு ஊரிலும் இல்லாதவர்களாகிப் போனோம். அதனால் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எங்களுடையதாக வைத்துக்கொண்டோம். போச்சம்பள்ளியிலிருந்தும் கம்பெனி நண்பர்கள் பைக்கில் வருவார்கள். பெங்களூரிலிருந்து ஒரு குழு வந்து காசு வாங்காமல் வாசித்துவிட்டுப் போகும். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி திரு. சென்னகிருஷ்ணன் ஒரு வருடம் பழம் விற்க வந்தார். அடுத்த வருடத்திலிருந்து குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார வருகிறார். ஆறு வருடம் ஒரு புகார் இல்லாமல் நடந்த விழா இது.

4. இந்த வருடம் அனுமதி கேட்டு எழுதியபோது ‘ஜாஸ் இசை விழா’ என்று தெளிவாக எழுதினோம். கையில் கிடைத்த உத்தரவில் ‘ஆடல் பாடல் நிகழ்ச்சி’ என்று இருந்தது. நடனமாடும் பெண்கள் கண்ணியமான உடை அணிய வேண்டும், இரட்டை அர்த்தப் பாடல்கள் கூடாது என்று நிபந்தனைகளும் இருந்தன. ஐயா, எங்கள் இசையில் ஒற்றை அர்த்தத்துக்கே வார்த்தை கிடையாது. திருத்திக் கொடுங்கள் என்று திரு. சுரேந்தரும் நானும் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர், “ஜாஸுன்னு போடறதுக்கு கம்ப்யூட்டர்ல கட்டமே இல்லம்மா. ஆடல் பாடல்னு போட்டாத்தான் உள்ள போவுது. எல்லாம் ஒண்ணுதான், போயி நல்லபடியா நடத்துங்க” என்றார். ஒன்றல்ல என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

5. விழா அன்று பெங்களூர் குழு வாசித்து முடித்து, நாங்கள் மேடையேறிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். உதவி ஆய்வாளர் இரண்டு காவலர்களோடு வந்தார். மேடையின் ஓரமாக நின்று சற்று நேரம் பார்த்தார். பிறகு வாசிப்பை நிறுத்தச் சொன்னார். “பர்மிஷன் ஆடல் பாடலுக்கு வாங்கியிருக்கீங்க. இங்க ஆடலும் இல்ல, பாடலும் இல்ல. அப்ப பர்மிஷன் இல்லாத ஏதோ ஒண்ணைத்தான் நடத்தறீங்க?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திரு. சௌந்தரராஜன் சாக்ஸபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே கைகூப்பி விளக்கினார். திரு. சென்னகிருஷ்ணன் எழுந்து வந்து, “சார், எங்க வீட்டுப் பொம்பளைங்க, பசங்க எல்லாத்தையும் கூட்டியாந்து உக்கார வெச்சிருக்கறேன். அசிங்கமா இருந்தா கூட்டியாருவனுங்களா?” என்றார். அதற்குள் காவலர்கள் ஜெனரேட்டரை அணைத்துவிட்டார்கள்.

6. மைக் போனபிறகும் கூட்டம் கலையவில்லை. சாக்ஸபோனுக்கும் டிரம்ஸுக்கும் மைக் தேவையில்லை. எடுத்த மெட்டைப் பாதியில் விடக் கூடாது என்று திரு. சௌந்தரராஜனும் நானும் அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தோம். சத்தம் போடவில்லை, யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டல்தான் உதவி ஆய்வாளர் அவர்களுக்குக் கோபத்தை மூட்டியது என்று நினைக்கிறேன். எங்கள் மூவரின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு போனார்.

7. அடுத்து நடந்ததுதான் இந்த மனுவுக்குக் காரணம். முதல் தகவல் அறிக்கையில் திரு. சௌந்தரராஜனும் திரு. சுரேந்தரும் ‘இசைக் கருவி வாசித்தவர்கள்’ என்று சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். நான் மட்டும் ‘பொதுமக்கள் முகம் சுளிக்கும் வண்ணம் ஆபாச நடனமாடிய பெண்’. ஆடல் இல்லை என்று சொல்லி விழாவை நிறுத்தியவர்களே, ஆடினேன் என்று சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது உண்மையோ அதை மட்டுமாவது வைத்துக்கொள்ளக் கூடாதா? இது பற்றிக் கேட்கப் போனபோது அதே எழுத்தர், “ஆடல் பாடல் கேஸுன்னா ஆடுனது யாருன்னு எழுதணுமில்ல? மேடையில நீ ஒருத்திதான பொண்ணு” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏன் புரியவில்லை என்று வருத்தப்படுகிறவர் போலத்தான் சொன்னார்.

ஐயா, டிரம்ஸை உட்கார்ந்துதான் வாசிக்க முடியும்.

8. மறுநாள் உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்று, ஓசூரில் ஆபாச நடனம் என்று தலைப்புப் போட்டு என் படத்தை வெளியிட்டது. யாரோ கைபேசியில் எடுத்த படம். இரண்டு கையையும் தூக்கியிருக்கிறேன், முடி பறக்கிறது. டிரம்ஸ் இருக்கும் கீழ்ப் பகுதியை வெட்டிவிட்டார்கள். குச்சிகூடத் தெரியாதபடி மேலேயும் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் நானே என்னை நம்ப மாட்டேன். தொழிற்சாலையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் சிரிக்கிறார்கள். நான் தங்கியிருந்த விடுதியில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மேலே குறித்திருக்கும் மாடி அறை, திரு. சுரேந்தரின் அத்தை பாவம் பார்த்துக் கொடுத்தது.

9. இதே சமயத்தில்தான் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறிவிட்டேன். காவல்துறையின் நன்னடத்தைச் சான்று மட்டும் பாக்கி. மனிதவளப் பிரிவில் இருக்கும் திருமதி ஜெயப்ரியா என் மேல் அக்கறை உள்ளவர். “வீரா, உன் பேர்ல கேஸ் இருக்கற வரைக்கும் ஃபைல் மேல போகாது. அதுவும் இந்த மாதிரி கேஸு. நான் என்னன்னு சொல்லி எடுத்துட்டுப் போறது?” என்று என்னையே கேட்கிறார். வேறொருவருக்கு அந்த இடம் போய்விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

10. என் தந்தை அந்தப் படத்தை ஊரில் டீக்கடையில் பார்த்திருக்கிறார். போன் செய்து, “நெசமா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். வைத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறி ஓசூருக்கு வந்தார். நான் சமைத்ததைத் தொடாமல், “பொட்டிய எடு, ஊருக்குப் போவம்” என்றார். ஒரே ஒரு தடவை என்னோடு வாருங்கள் அப்பா என்று சொல்லி, நாங்கள் பயிற்சி செய்யும் டயர் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்தார். திரு. சௌந்தரராஜன் சாக்ஸபோனை எடுத்தார், நான் வாசித்தேன். விழாவில் வாசித்த அதே உருப்படிதான். வாசிக்கும்போது என் தந்தையின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. முடிந்ததும் என் தந்தை எழுந்து டிரம்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு அவர் சொன்னார்: “கை ரெண்டு, காலு ரெண்டு, நாலும் நாலு பக்கமாவுல்ல வேல பாக்குது. இதுல எங்கிட்டு ஆத்தா ஆடுறது?”

அன்று என் அறையில் சாப்பிட்டார்.

11. மறுநாள் காலை, நானே வந்து சொல்கிறேன் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு நிலையத்துக்கு வந்தார். எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மதியம் ஆனது. கடைசியில் வெளியே வந்த உதவி ஆய்வாளர், என் தந்தை பேசத் தொடங்குவதற்கு முன்பே, “பெரியவரே, பொண்ணை அடக்கி வளக்காம இங்க வந்து நின்னா என்ன பண்ண முடியும்?” என்று கேட்டார். என் தந்தை நாற்பது வருடம் செங்கல் சூளையில் வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தவர். யாரிடமும் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அன்றும் உயர்த்தவில்லை. “எம் பொண்ணு வாசிக்கிறத நீங்க கேட்டீகளா சார்?” என்று மட்டும் கேட்டார். உதவி ஆய்வாளர் உள்ளே போய்விட்டார். பஸ் ஏறும்போது என்னிடம், “இதச் சரி பண்ணாம ஊருக்கு வந்துறாத” என்றார். அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

12. ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். மேடையில் ஆடிப் பிழைக்கும் பெண்களைத் தாழ்த்தி நான் எதையும் சொல்லவில்லை. அவர்களுக்கும் அது என்னைப் போல ஷிப்டு வேலைதான். அவர்களைப் பற்றி எழுத இந்தச் சொற்கள் எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகின்றன என்பதை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். நான் சொல்வது ஒன்றுதான்: நான் ஆடவில்லை, வாசித்தேன்.

13. எனவே ஐயா அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

விழாவின் முழு ஒளிப்பதிவும் திரு. சுரேந்தரிடம் இருக்கிறது. அதை இத்துடன் பென் டிரைவில் இணைத்திருக்கிறேன். தாங்கள் தயவு செய்து பத்து நிமிடம் பார்க்க வேண்டும். திரு. சென்னகிருஷ்ணனும் அவருடைய துணைவியாரும் நேரில் வந்து சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள். மாங்காய் பறிப்பு நடக்கும் காலமானாலும் கூப்பிட்ட அன்றே வருவதாகச் சொல்கிறார்கள். என் தந்தையிடம் பேசப்பட்ட பேச்சுக்கு, அதைப் பேசியவரே வருத்தம் தெரிவிக்க வேண்டும். அடுத்த மே மாதம் நாங்கள் மறுபடியும் அனுமதி கேட்போம். அப்போது ‘இசை விழா’ என்று எழுத எங்கேயாவது ஓர் இடம் இருக்க வேண்டும்.

வழக்கையே ரத்து செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அது முடியாது, சட்டப்படி ஏதாவது ஒரு வழக்கு இருந்தே ஆக வேண்டும் என்று தாங்கள் முடிவு செய்தால், நான் செய்ததற்காக என் மேல் வழக்குப் போடுங்கள். ஜெனரேட்டரை அணைத்த பிறகும் வாசித்தேன். நிறுத்தச் சொன்ன பிறகும் ஒரு உருப்படியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்த மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி அடித்தேன். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். வாசித்தவள் என்று எழுதிவிட்டுத் தண்டியுங்கள்.

தங்களிடமிருந்தாவது ஒரு பதில் வரும் என்று காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மு. வீரலட்சுமி,
டிரம்ஸ் வாசிப்பவர்.

இடம்: ஓசூர்
நாள்: 18.06.2025